ஓமனா கொடுத்த பிசின்

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் கோகிலவாணி அந்தக் கண்ணாடிக் குழாயை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளிச்சம் படக் கூடாதுங்க, இருட்டில் அரை மணி நேரம் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அரை மணி நேரம். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்த பிறகு சொன்னால் அது சொன்னது ஆகாது, அகப்பட்டுக்கொண்டது ஆகும். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் மடியில் பையை வைத்துக்கொண்டு, அதன் வாரைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். முதுகைச் சாய்க்க இடமில்லாத ஸ்டூல். எனக்கு இடப்பக்கம் ஓமனா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது. அறைக்குள் வந்தபோது நான்தான் ஒன்று விட்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. காலும் உடம்பும் தானாகவே அப்படிச் செய்துவிடுகின்றன, எழுபத்தோரு வயதுக்குப் பிறகு இவற்றை யார் திருத்துவது. மேசைமேல் மரச் சட்டத்தில் ஆறு குழாய்கள் நிற்கின்றன, காலையில் சோதித்தவை. ஐந்து மஞ்சள், ஒன்று ஊதா. மறுபடியும் எண்ணுகிறேன், எண்ணினால் மாறிவிடும் என்பது போல. ஐந்து மஞ்சள், ஒன்று ஊதா. கத்தரிப்பூ நிறம்கூட இல்லை, பிள்ளைகள் சட்டையில் கொட்டிக்கொண்டு வருகிற மை மாதிரி, கொஞ்சமும் வெளுக்காமல் நிற்கிறது. அதன் கழுத்தில் ஒட்டிய சீட்டில் ஓமனா என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் எழுத்து கோணாது.

எங்கள் ஊர்த் தேனீச் சங்கத்தில் ஆறு பேர் வீட்டில் சிறுதேனீ வளர்க்கிறார்கள், பேச்சில் ஈச்ச என்போம், கொசு அளவுதான் இருக்கும், கொட்டாது. மரங்களில் கசிகிற பாலையும் பிசினையும் காலில் ஒட்டிக்கொண்டு வந்து, மெழுகோடு பிசைந்து, கூட்டின் வாசலிலும் விரிசலிலும் அப்பி அடைத்து வைக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் கறுப்பாகப் பசபசவென்று உருண்டையாக வரும். நாங்கள் பிசின் என்கிறோம், டாக்டர் புரோபோலிஸ் என்கிறார். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நம் உடம்புக்குள்ளும் ஒன்று நடக்கிறது, அதைத் தடுக்கிற சத்து இதில் உண்டு, ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர், பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து இந்த ஊதா மருந்தில் விட்டால் சத்து உள்ளது ஊதாவைத் தின்று மஞ்சளாக்கிவிடும், இல்லாதது அப்படியே நிற்கும் என்று காலையில் பொறுமையாக விளக்கினார். கொச்சியில் களிம்பு செய்கிற கம்பெனிக்குச் சங்கம் பிசின் கொடுக்கப் போகிறது. தேறினவர்களுடையது மட்டும் போகும். தேறாதவர் சங்கத்தில் நீடிக்க முடியாது, சங்கம் கொடுத்த தேனீக்கூட்டுப் பானைகளையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒருவருடைய கெட்ட பிசின் கலந்தால் எல்லாருக்கும் கெட்ட பெயர் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தார்கள். நானும் கை தூக்கினேன். எல்லார் பிசினையும் வாங்கிப் பாதுகாத்து வைக்கிற வேலை என்னுடையது. ரத்தினபாயிடம் கொடுத்தால் ஒரு பொட்டுத் தூசி படாது என்பார்கள். அப்படிச் சொல்லும்போது நான் தரையைப் பார்ப்பேன். உள்ளுக்குள் இனிக்கும்.

ஊதா மாறவில்லை என்றதும் செயலாளர் வில்பிரட் தொடையில் தட்டினான். என் அண்ணன் மகன்தான், எங்கள் பக்கம் அத்தையை மாமி என்போம். "நான் அன்னைக்கே சொன்னேன் மாமி, கேட்டியளா? இவளுக்க வீடு குவாரி ரோட்டுப் பக்கமாக்கும். போன கோடையில தார் போட்டானுவ. ஈச்ச அந்தத் தாரை எடுத்துட்டு வந்து அப்பி வச்சிரிக்கு. பலாவும் கொல்லாமரமும் நிக்கிய எடத்தில உள்ளது மாதிரி இது வருமா?" ஓமனா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எனக்க ஈச்ச தாரும் தின்னாது, சாராயமும் குடிக்காது. செக்ரட்டரிக்க கூட அதுக்குச் சகவாசம் கெடையாது" என்றாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மரம் கிடைக்காத இடத்துல தாரை எடுக்கறதும் உண்டுங்க" என்றார். "எந்த மரம், எந்த ஊருங்கறதைப் பொறுத்துச் சத்து மாறும். ஆனா எடுத்த பிறகு எப்படி வச்சிருந்தாங்கங்கறதும் அதே அளவு முக்கியம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஆறையும் ஒரே மாதிரித்தானே வச்சிருந்தீங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

வாயால் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தலையாட்டினது பொய்யில் பாதிதான் என்பது போல. முழுசாகக்கூட ஆட்டவில்லை, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தினேன், அவ்வளவுதான். டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் தாழ்த்தினேன். வில்பிரட் உடனே, பார்த்தீர்களா, வைப்பில் குற்றமில்லை, வந்த இடத்தில்தான் குற்றம் என்றான். அப்போதுதான் ஓமனா தன் துணிப்பையிலிருந்து சேம்பிலையில் பொதிந்த ஒரு உருண்டையை எடுத்தாள். "இதையும் ஒண்ணு பாருங்க டாக்டரே. காலம்பற சுரண்டினதாக்கும், காலில பித்தவெடிப்புக்குப் போடியதுக்கு. ரெண்டும் ஒரே கூடு." டாக்டர் அதை வாங்கிக் கையில் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடினார். அந்த மணம் எனக்கு இங்கே வரை வந்தது. பலாச்சுளையைச் சுற்றியிருக்கிற சடையும், வெயிலில் காய்கிற மாமரப் பட்டையும், எங்கோ அடியில் புளிப்புமாக ஒரு மணம். தார் மணம் இல்லை. நான் தார் மணத்தைத் தேடினேன், நெஞ்சு நிறைய இழுத்துத் தேடினேன். இல்லை. நன்றாகக் கரைய ஒரு நாள் வேண்டும், இன்றைக்கு ஒரு கண்பார்வைக்குச் செய்து பார்ப்போம் என்று டாக்டர் கொஞ்சம் கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, ஊதாவில் விட்டு, அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது அது அந்த மரக்கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறதோ.

போன மாதம் ஓமனா கொடுத்ததில் தூசி இருந்தது. உண்மையிலேயே இருந்தது. அதைப் பால் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். நான் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, பிசின்" என்று நீட்டினாள். என் கை ஈரமாக இருந்தது, அதனால்தான் நான் கை நீட்டவில்லை, "அங்ஙன வச்சிட்டுப் போ" என்று துவைக்கிற கல்லைக் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும். ஓமனா கல்லின்மேல் வைத்தாள், வைத்து, கவர் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லையும் எடுத்து மேலே வைத்தாள், அந்த அளவுக்கு அவளுக்கும் கவனம் உண்டு. அவள் போன பிறகு பார்த்தேன். தேனீயின் இறக்கைகள், ஒரு கால், மரத்தூள், சாம்பல் நிறத்தில் ஒரு இழை. பூனை மயிராக இருக்கலாம், கயிற்றின் நாராகவும் இருக்கலாம். அலுமினியச் சட்டியில் வெள்ளம் கொதிக்கவைத்துப் போட்டேன். உருகி மேலே மிதந்தது, அழுக்கு அடியில் தங்கியது, துணியில் வடித்தேன், மறுபடியும் புது வெள்ளம், மறுபடியும். மூன்று வெள்ளம். மூன்றாவது வெள்ளம் கறுப்புத் தேயிலை மாதிரி ஆனதைப் பார்த்து, எவ்வளவு அழுக்கு என்று நினைத்து முற்றத்தில் ஊற்றினேன். சத்தைத்தான் ஊற்றினேன் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு அழுக்கு என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் எதையும் வெயிலில் காயவைக்காமல் உள்ளே எடுக்கமாட்டோம். மிளகு, கிராம்பு, புளி, கொப்பரை, பாக்கு. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். நான் அந்தப் பிசினை மொட்டைமாடியில் கிராம்புக்குப் பக்கத்தில், பக்கத்தில் என்றால் தொடாமல் ஒரு கை தள்ளி, தகரத்தட்டில் வைத்து ஒரு கிழமை, ஏழு நாளும், காயப்போட்டேன். அது இறுகி, தவிட்டு நிறமாகி, விரலால் ஒடித்தால் பொடிந்தது. நல்ல சுத்தம் என்று நினைத்தேன். பாலித்தீன் கவரில் போட்டுக் கண்ணாடி அலமாரியின்மேல், ஜன்னலுக்கு நேராக வைத்தேன்.

மற்ற ஐந்தையும் கொதிக்கவைத்தேனா? இல்லை. அவற்றிலும் இறக்கை இருந்தது. தங்கலீலா கொடுத்ததில் ஒரு முழு வண்டே செத்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதை ஊசியால் குத்தி எடுத்து எறிந்துவிட்டு, பாவம் அவளுக்குக் கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அப்படியே பரணியில் போட்டேன். என் அம்மை ஊறுகாய் போட்ட பரணி, மூடி இறுக்கமானது, ஏணிப்படிக்குக் கீழே குளிர்ச்சியில், இருட்டில் இருப்பது. டாக்டரே இதைவிட நல்ல இடம் சொல்லியிருக்கமாட்டார். ஐந்து பேருக்கும் அந்த இடம். ஓமனாவுக்கு மொட்டைமாடி. நான் தூசி தூசி என்கிறேன். தூசியைப் பார்ப்பதற்கு முன்பே சட்டியில் வெள்ளம் வைத்துவிட்டேனா? அடுப்பைப் பற்றவைத்தது எப்போது, கவரைப் பிரித்தது எப்போது? நான் எல்லாவற்றையும் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கிறவள், மழை எந்தத் தேதியில் தொடங்கியது என்று என்னிடம்தான் கேட்பார்கள். இந்த வரிசை மட்டும் கலங்கிப்போய்க் கிடக்கிறது. கலங்கவில்லை. அடுப்பில் வெள்ளம் சூடாகிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகுதான் கவரைப் பிரித்தேன். இறக்கையையும் இழையையும் பிறகுதான் பார்த்தேன். பார்த்ததும் ஒரு நிம்மதி, அப்பாடா, காரணம் கிடைத்தது என்று.

"அக்கா, வெசர்க்குதா?" என்கிறாள் ஓமனா. நான் இல்லை என்கிறேன். நெற்றியைத் துடைக்கிறேன். "இந்த ரூமில காத்தே இல்ல. ஈச்சயைக் கொண்டு வந்து விட்டாக்கூட அது பொறத்த போவ வழி தேடும்." நான் சிரித்ததாகக் காட்டிக்கொள்கிறேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்கிறாள். குதிகாலில் கறுப்பாகப் பிசின் அப்பியிருக்கிறது, வெடிப்புகள் மூடியிருக்கின்றன. "பயமாட்டு இரிக்கு அக்கா" என்று தணிந்த குரலில் சொல்கிறாள், வில்பிரட்டுக்குக் கேட்காமல். "சங்கம் குடுத்தது ரெண்டு கூடுதான். அதைப் பிரிச்சுப் பிரிச்சு ஆறாக்கினேன். இப்பம் திருப்பிக் கேட்டா ஆறையும் கேப்பாவளா, ரெண்டை மட்டும் கேப்பாவளா?" எனக்குத் தெரியவில்லை என்கிறேன். தெரியும். ஆறையும் கேட்பார்கள், வில்பிரட் நேற்றே சொன்னான், இவளுக்கது தேறாது, அந்த ஆறு பானையையும் மாமிக்க வீட்டு மதிலில மாட்டிரலாம், உங்களுக்க கைக்கு நல்லா வரும் என்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மதிலில் எந்த இடத்தில் வெயில் குறைவு என்று யோசித்தேன். அந்த யோசனை நேற்று ராத்திரி சாப்பிடும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பானை, கிழக்குப் பார்த்த வாசல், நடுவில் ஒரு முழ இடைவெளி.

அக்கா என்கிறாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு முகம் சுருங்கியது. அவளுடைய அம்மை என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள், பின்வாசலில் நின்றுதான் பேசுவாள், அவளுக்கென்று ஒரு தம்ளர் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கும். அதெல்லாம் அந்தக் காலம், நான் தம்ளரை எடுத்து என்றைக்கோ பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன், மகனுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம், வருகிறவர்கள் பார்த்தால் நன்றாயிருக்காது. ஓமனாவுக்கு எங்கள் தம்ளரில்தான் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு அதை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன். மருமகள் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அதென்ன மாமி, அந்த ஒரு தம்ளருக்கு மட்டும் இவ்வளவு சாம்பல்?" என்றாள். எல்லாவற்றையும்தான் தேய்க்கிறேன் என்று அன்றைக்கு எல்லாத் தம்ளரையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன், கை எரிய எரிய. எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்து ரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில். முட்டுவலி என்று சொல்லி நான் முன்வரிசையில் போய்விடுவேன். முட்டுவலி இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் முட்டுவலி வருவதற்கு முன்பும் நான் முன்வரிசையில்தான் போனேன். ஆண்டவருடைய இரத்தம் என்று பாதிரி ஐயர் சொல்லும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன், ஓமனா எத்தனை பேருக்குப் பின்னால் இருக்கிறாள் என்று அதற்கு முன்பே பார்த்திருப்பேன். இதை யாரிடமாவது சொல்ல முடியுமா. பாவமன்னிப்பு ஜெபத்தில் பொய், கோபம், பொறாமை எல்லாம் சொல்கிறேன், இதற்கு ஒரு பெயர்கூட நான் வைக்கவில்லை. போன ஐப்பசி மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவில் நான் வழுக்கி விழுந்தபோது ஓமனாதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவள் கையில் ரப்பர் பால் மணம், வெற்றிலை மணம். வீடு வரை தாங்கிக்கொண்டு வந்தாள், "ஒடம்பில பலமில்ல, நாக்கில மட்டும் பலம் இரிக்கு உங்களுக்கு" என்று கேலி பேசிக்கொண்டே வந்தாள். அவள் போனதும் நான் குளித்தேன். மேலெல்லாம் சேறு, அதனால் குளித்தேன். சேறு போன பிறகும் சோப்புப் போட்டேன்.

வில்பிரட் ஜன்னலோரம் நின்று போனில் பேசுகிறான், ஐந்து பேருடையது தேறிவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆறாவதைப் பற்றி இப்போதே முடிவு செய்துவிட்டான். அவனிடம் சொல்லலாமா, தனியாகக் கூப்பிட்டு. அவன் என்ன சொல்வான், விட்டுத்தள்ளுங்க மாமி என்பான். நான் அதைக் கேட்கத்தான் அவனிடம் போக நினைக்கிறேன். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், எல்லாரிடமும் ஒரே மாதிரி ங்க போட்டுப் பேசுகிறார், ஓமனாவுடைய உருண்டையை வெறுங்கையால் வாங்கினார். எழுந்து நின்றால் போதும், வார்த்தை வந்துவிடும். நான் கூட்டத்தில் எழுந்து பேசினதே இல்லை. கணக்கு வாசிக்கச் சொன்னால்கூட வில்பிரட்டிடம் கொடுத்துவிடுவேன். எழுந்து நின்று என்ன சொல்வது. கொதிக்கவைத்தேன், காயவைத்தேன், தெரியாமல் செய்துவிட்டேன். இதுவரை சொல்லலாம், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, படிக்காதவள், வயசானவள், மன்னித்துவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்வி ஒன்று வரும். அதற்காகத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் இது மட்டும்?

ஒருவேளை கதவைத் திறக்கும்போது அது ஊதாவாகவே இருந்தால்? அப்படி இருந்தால் குற்றம் என் சட்டியிலும் இல்லை, வெயிலிலும் இல்லை, அந்தக் குவாரி ரோட்டில்தான். நான் அலசியிருந்தாலும் அலசாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஊதாவாக இருக்கட்டும். நான் நினைக்கவில்லை, அந்த வார்த்தைகள் ஜெபத்தில் வருவது மாதிரி தானாக வருகின்றன, ஊதாவாக இருக்கட்டும் ஆண்டவரே, ஊதாவாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஓமனாவின் உதடும் அசைகிறது. அவளும் ஜெபிக்கிறாள். ஒரே அறையில், ஒரே ஆண்டவரிடம், ஒரு விரல்நீளக் குழாய்க்காக, அவள் மஞ்சளாகட்டும் என்று கேட்கிறாள், நான் ஊதாவாக இருக்கட்டும் என்று கேட்கிறேன். அவளுடைய ஆறு பானைத் தேனீ பறிபோகட்டும், எனக்கு என் நல்ல பெயர் இருக்கட்டும் என்று கேட்கிறேன். எனக்கு உடம்பு முழுக்கக் கூசுகிறது. இவ்வளவு நேரம் நான் செய்ததற்காக வெட்கப்பட்டேன், அது போன மாதம் செய்தது, செய்து முடிந்துவிட்டது. இது இப்போது செய்வது. இந்த ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், இந்த நிமிஷத்தில் செய்துகொண்டிருப்பது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. அலமாரிப் பக்கம் நடந்தார், கைப்பிடியில் கை வைத்தார்.

"டாக்டரே" என்றேன். என் குரல் எனக்கே யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, பை கீழே விழுந்து கிடந்தது. "ஓமனாவுக்க பிசினை நான் கொதிக்க வச்சேன். மூணு வெள்ளத்தில. பெறவு ஒரு கிழமை வெயிலில போட்டேன்."

டாக்டர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கொதிக்க வச்சீங்களா? அடக் கடவுளே. சூடும் வெயிலும்தானுங்க இதுக்கு எமன், பாதிச் சத்து தண்ணியோடயே போயிருக்குமே. மத்த அஞ்சும்?"

"அது பரணியில. இருட்டில."

"அப்ப இது மட்டும் ஏனுங்கம்மா?"

"தூசி இருந்துது" என்றேன்.

வில்பிரட் போனை அணைத்துவிட்டு வேகமாக வந்தான். "மாமிக்கு வயசாச்சு டாக்டரே, எதை எங்க வச்சோம்னு மறந்து போச்சு, வேற யாருக்கதையோ இதையும் போட்டுக் கொழப்புகா. இரிங்க மாமி, வெள்ளம் குடிக்கியளா?" என் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தான். எவ்வளவு நல்ல வழி. வயது, மறதி, குழப்பம். உட்கார்ந்துவிட்டால் போதும். ஸ்டூலைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினேன்.

"எனக்கு ஒரு மறதியும் இல்ல" என்றேன். நின்றேன்.

டாக்டர் கதவைத் திறந்து குழாயை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இளநீர் வழுக்கையில் தேன் விட்டது மாதிரி ஒரு மஞ்சள். மற்ற ஐந்தில் மூன்றைவிட நல்ல மஞ்சள் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வில்பிரட் மட்டும் குனிந்து பார்த்தான். ஓமனா பார்க்கவில்லை. அவள் எழுந்து மேசைக்குப் போய், மிச்சம் கிடந்த அந்தப் பழைய துண்டை, நான் அலசிக் காயவைத்துச் சுத்தமாக்கின துண்டை, எடுத்தாள். இரண்டு விரலால் ஒடித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஒரு மணமும் இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தக் குரலில், சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "எனக்க வீட்டு மணம் போவட்டும்னுதானே அக்கா அலசினிய?"

வில்பிரட் என்னவோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் குழாயைச் சட்டத்தில் வைத்தார், அது மரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. இறக்கை இருந்தது என்று சொல்லலாம். பூனை மயிர் இருந்தது என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஓமனா ஏற்றுக்கொள்வாள், என்னோடு ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்ப வேண்டியவள், ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

"ஆமா" என்றேன்.